போரில் இரண்டு நாள்

தளேகாவ்
5.12.1993

சபரிக்கு,

வியாழக்கிழமை சாயங்காலம் என் புதுக் கம்பெனி கேட்டில் வந்து நின்றாய். வாட்ச்மேன் சொல்லித்தான் எனக்குத் தெரியவேண்டும் என்றில்லை. நானே பார்த்தேன். பார்த்துவிட்டுத்தான் லாரி போகிற பின்வாசல் வழியாக வெளியே போனேன். ஏதோ தவறிப் போய்விட்டது என்று நினைத்து நீ இன்னொரு முறை வந்து நிற்கக் கூடாது என்பதற்காக இதை எழுதுகிறேன்.

வராதே. சொல்ல ஏதாவது இருந்தால் எழுது. நேரில் வந்தால் சிரித்துக்கொண்டே தோளில் கையைப் போடுவாய், ‘விடுல’ என்பாய். நானும் பழக்கதோஷத்தில் விட்டுவிடுவேன். தாளில் யாரும் சிரிக்க முடியாது.

கசார்வாடியிலிருந்து தளேகாவுக்கு லோக்கல் ரயிலில் ஒரு தூக்கம் போடக்கூட நேரம் கிடைக்காது. இந்தத் தூரத்துக்குள் இரண்டு பேர் தபால் எழுதிக்கொள்கிறார்கள் என்று தெரிந்தால் மேலப்பாளையத்திலும் சிரிப்பார்கள், உங்கள் பாளையங்கோட்டையிலும் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நான் அறையைக் காலி செய்துவிட்டுப் போனதைப் பற்றி, பட்டறையில் எல்லோருக்கும் முன்னால் சேஷு அண்ணனிடம் ‘ஒரு பேருக்காகவா இவ்வளவு?’ என்று கேட்டாயாம். ஒரு பேருக்காகத்தான். அந்தப் பேர் எப்படிப் போயிற்று என்பதை வரிசையாக எழுதுகிறேன். நீ வேறு மாதிரி சொல்லிக்கொண்டு திரிவதாகக் கேள்வி.

போன மாதம் முதலாளி மகள் கல்யாணம், சனி ஞாயிறு பட்டறை லீவு. பக்கத்து லேத்தில் நிற்கிற சாந்தாராம் ஷிண்டே தன் ஊருக்குக் கூப்பிட்டான். போர் என்று ஒரு ஊர். ஆறு இருக்கிறது, அணை இருக்கிறது, புகை இல்லை என்றான். ‘ஏல, போருக்குப் போவோம்ல, ஒருத்தனும் சாக மாட்டான்’ என்று நீதான் துள்ளினாய். எனக்கும் ஆசைதான். இல்லை என்று சொல்லவில்லை. கசார்வாடிக்கு வந்ததிலிருந்து இரும்புத் தூளைத் தவிர வேறு எதன் வாசனையும் மூக்கில் ஏறியதில்லை.

ஸ்வார்கேட் பஸ் ஸ்டாண்டில் ஏறி மத்தியானத்துக்குள் போய்விட்டோம். வாசலில் சாந்தாராமின் அப்பாவும் அம்மாவும் நின்றார்கள். நீ உன் பெயரைச் சொன்னாய். பிறகு என்னைக் காட்டி, ‘ஹா ரவி’, இவன் ரவி, என்றாய்.

சாந்தாராம் குனிந்து செருப்பைக் கழற்றுகிற மாதிரி வெகுநேரம் நின்றான். அவனுக்குத் தெரியும். உனக்குத் தெரியும். என் பெயர் மாறிப்போன விஷயம் எனக்கு மட்டும்தான் தெரியாது.

என் டிரங்குப் பெட்டியைச் சேஷு அண்ணனிடம் கொடுத்து அனுப்பு. நீ தூக்கிக்கொண்டு வர வேண்டாம்.

முகமது ரஃபீக்


கசார்வாடி
9.12.1993

உயர்திரு முகமது ரஃபீக் அவர்களுக்கு,

முழுப் பெயரையும் எழுதிவிட்டேன். திருப்திதானே?

மன்னிப்புக் கேட்க நான் உன் கேட்டுக்கு வரவில்லை. இரண்டரை வருஷம் ஒரே அறையில் கிடந்தவன் ஒரு வார்த்தை சொல்லாமல் பாயைச் சுருட்டிக்கொண்டு போகலாமா என்று கேட்க வந்தேன். நீ பின்வாசல் வழியாக ஓடினாய். என்னை யோக்கியன் இல்லை என்று சொல்கிறவன் ஓடியிருக்க வேண்டாம்.

வரிசையாக எழுதினாயே, அந்த வரிசையில் விட்டதை நான் எழுதுகிறேன்.

கிளம்புவதற்கு முந்தின நாள் டீக்கடையில் சாந்தாராம் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். ‘எங்க அப்பா ஒரு மாதிரி. அம்மாவோட தம்பி அதுக்கு மேல. இந்த வருஷம் பம்பாயில நடந்த கலவரத்துக்கு அப்புறம் அந்தப் பேச்சுதான் வீட்டில. ரெண்டு நாள் ரஃபீக்குக்கு வேற ஏதாவது பேரு சொல்லிடு’ என்றான். இல்லாவிட்டால் கூட்டிப் போக முடியாது என்றான். நான் உன்னிடம் சொல்லத்தான் நினைத்தேன். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, கரும்புக் காட்டைப் பார்த்து என்னவோ முனகிக்கொண்டு வந்தாய். ஜனவரிக்குப் பிறகு உன்னை அப்படி நான் பார்த்ததில்லை. வாய் வரவில்லை. சொன்னால் அடுத்த ஸ்டாப்பில் இறங்கியிருப்பாய். எனக்குப் போக ஆசையாக இருந்தது. போதுமா?

பேர் பேர் என்கிறாயே. பேட்டை ஐடிஐயில் நம் வாத்தியார் இரண்டு வருஷம் உன்னை ‘ரப்பேக்கு’ என்றார். முகத்தைச் சுளித்தாயா? ஜனவரியில், எவனோ கதவு கதவாகப் பார்த்துக்கொண்டு போகிறான் என்று பேச்சு வந்தபோது, அறைக் கதவில் சாக்பீஸால் எழுதியிருந்த உன் பெயரை அழித்தது யார்? நான். அழிக்கச் சொன்னது யார்? நீ. அதன் பிறகு அந்தக் கதவில் முதுகைக் கொடுத்து உட்கார்ந்திருந்தது யார் என்று நான் சொல்ல வேண்டாம்.

உனக்கும் வாய் இருந்தது ரஃபீக். வாசலில் நான் ரவி என்றபோது ‘இல்லை’ என்று ஏன் சொல்லவில்லை? அந்த அம்மா ‘ரவி’ என்று கூப்பிட்டபோதெல்லாம் திரும்பினாய். கூப்பிட்ட இடத்துக்குப் போனாய். போட்டதைச் சாப்பிட்டாய். அடுப்படி வாசலில் உட்கார்ந்து அரைகுறை இந்தியில் உன் தங்கச்சிகள் கதையெல்லாம் சொன்னாய். இரண்டு நாள் ரவியாக இருந்து அனுபவித்துவிட்டு, கடைசியில் உன் பெயரை எங்கே போட்டால் பாத்திரம் உடையுமோ அங்கே பார்த்துப் போட்டாயே, அதற்கு என்ன பெயர்?

பெட்டியைச் சேஷுவிடம் கொடுத்துவிட்டேன். அதில் உன் பெயர் எழுதியிருக்கிறது. நான் அழிக்கவில்லை.

சபரி


தளேகாவ்
13.12.1993

சபரிக்கு,

ஜனவரியை இழுப்பாய் என்று தெரியும். அன்று சாக்பீஸ் எழுத்தை அழித்தது நீயும் நானும் சேர்ந்து. உயிருக்குப் பயந்து. போரில் நீ தனியாக அழித்தாய். ஊர் சுற்றிப் பார்க்க. இரண்டும் ஒன்றா?

வாசலில் ஏன் பேசவில்லை என்று கேட்டாய். நீ ‘ரவி’ என்று சொல்லி வாயை மூடுவதற்குள் அந்த அம்மா, சாந்தாராம் ‘ஆயி’ என்று கூப்பிடுகிறாரே, அவர் செம்பில் தண்ணீரோடு இறங்கி வந்து ‘யே பாளா’ என்றார். வா பிள்ளாய் என்று. செம்பை வாங்க எனக்குக் கை நீண்டுவிட்டது. அவ்வளவுதான். பிறகு உன்னிடம் தனியாகக் கேட்டுவிட்டுச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கொல்லையில் நீ கழுத்துக்குச் சோப்புப் போட்டுக்கொண்டிருந்தாய். ‘என்னல இது?’ என்றேன். ‘ரெண்டு நாளுக்குத்தானல, சும்மா இரி. நல்ல சாப்பாடு’ என்றாய். சோப்பு நுரையோடு சிரித்தாய்.

அனுபவித்தேன் என்று எழுதியிருக்கிறாய். கேட்டுக்கொள். சனிக்கிழமை சாயங்காலம் கோயிலுக்குக் கூட்டிப் போனார்கள். ஆயி என் நெற்றியில் குங்குமம் வைத்தார். நான் உன்னைப் பார்த்தேன். நீ மணியைப் பார்த்துக்கொண்டிருந்தாய். ஞாயிற்றுக்கிழமை விடியலில் குளிக்கப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு ஆற்றங்கரையில் ஒரு பாறைக்குப் பின்னால் தொழுதேன். நாய் குரைத்ததற்குப் பாதியில் எழுந்தேன். பட்டறையில் கம்ப்ரசருக்குப் பின்னால் தொழுதிருக்கிறேன். முதலாளி கேட்டால் தண்ணி குடிக்கப் போயிருக்கான் என்று நீ சமாளித்திருக்கிறாய். அங்கே நான் யார் என்று எல்லோருக்கும் தெரியும். ஒளிந்து தொழுதது போரில்தான்.

தங்கச்சிகள் கதை சொன்னேன், ஆமாம். அந்த அம்மா ‘உன் அம்மாவுக்கு உடம்பு எப்படி?’ என்று கேட்டார். எங்கள் உம்மாவின் முட்டுவலியைச் சொன்னேன். வாப்பா மவுத்தானதைச் சொன்னேன். பெயர் ஒன்றைத் தவிர நான் அவரிடம் பொய்யே சொல்லவில்லை. அவர் ரவியின் அம்மாவைப் பற்றிக் கேட்டார், நான் என் உம்மாவைப் பற்றிச் சொன்னேன். அது எப்படி இருந்தது என்று உனக்குச் சொல்லிப் புரியவைக்க என்னால் முடியாது.

ஞாயிறு மத்தியானம் ஆட்டுக்கறி. ஹலாலா என்று கேட்க முடியுமா? நான் கறி சாப்பிட மாட்டேன் என்றேன். ஆயி எனக்கென்று கடலைமாவைக் கரைத்துப் பிட்லே கிண்டிக் கொடுத்தார். சாந்தாராமின் மாமா தானாஜி அப்போதுதான் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தான். ‘மதராஸி பிராமணனா இவன்?’ என்று என் முதுகில் தட்டினான். அவர்களுக்குத் தமிழ் பேசுகிறவனெல்லாம் மதராஸி, மதராஸியெல்லாம் இந்து. பிறகு பம்பாய்ப் பேச்சு வந்தது. எங்களை என்ன வார்த்தை சொல்லிக் கூப்பிட்டான் என்று நான் எழுத மாட்டேன். ‘அவனுகளை இருட்டில கூட மோப்பத்திலேயே கண்டுபிடிச்சிருவேன்’ என்றான். அப்போது அவன் தொடை என் தொடையில் பட்டுக்கொண்டிருந்தது.

எல்லோரும் சிரித்தார்கள். எல்லோருக்கும் முந்தி நீ சிரித்தாய்.

பெயரையாவது நான் சுமந்திருப்பேன் சபரி. பஸ் ஏறியதும் உன்னை நாலு திட்டு திட்டிவிட்டு மறந்திருப்பேன். காய்கறிக்காரியிடம் பேரம் பேசத் தெரியாத உன் மராத்திக்கு அந்த நகைச்சுவை மட்டும் எப்படி அவ்வளவு சீக்கிரம் புரிந்தது?

ஆயி சோள ரொட்டித் தட்டோடு வந்து, ‘ரவி, இன்னொரு பாக்ரி?’ என்றார். ‘ஆயி, என் பெயர் முகமது ரஃபீக்’ என்றேன். எழுந்து கை கழுவினேன். பையை எடுத்தேன். தெருமுனை வரைக்கும் பின்னால் உன் செருப்புச் சத்தம் கேட்கும் என்று நினைத்தேன். திரும்பிப் பார்க்காமலே நடந்தேன், கேட்டால் போதும் என்று.

கேட்கவில்லை.

ரஃபீக்


கசார்வாடி
18.12.1993

ரஃபீக்,

செருப்புச் சத்தம் ஏன் கேட்கவில்லை என்று கேள். இதை எழுதக் கூடாது என்றுதான் இருந்தேன். நீ எழுத வைத்துவிட்டாய்.

நான் எழுந்தேன். தானாஜி என் சட்டைக் காலரைப் பிடித்து உட்கார வைத்தான். ‘யாரைக் கொண்டுவந்து எங்க வீட்டில சேர்த்தே?’ என்று ஓர் அறை விட்டான். சாந்தாராமின் அப்பா சாந்தாராமிடம் கேட்டார். ‘எனக்குத் தெரியாது, சபரிதான் ரவின்னு சொன்னான்’ என்றான் அவன். நம்மோடு ஒரே பாட்டிலில் தண்ணீர் குடிக்கிறவன். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான். நானும் ஆமாம், எல்லாம் என் வேலை என்றேன். வேறு என்ன சொல்ல? அவன் அந்த வீட்டில்தான் இருந்தாக வேண்டும்.

தானாஜி மோட்டார் சைக்கிளை எடுத்தான். தெருவிலிருந்து இரண்டு பேர் ஏறிக்கொண்டார்கள். ‘எங்கே போயிருப்பான்?’ என்றான். பஸ் ஸ்டாண்டில் நீ நின்றுகொண்டிருப்பாய் என்று எனக்குத் தெரியாதா? ‘ஆத்துப் பக்கம் போயிருப்பான், துணி காயப்போட்டிருக்கான்’ என்றேன். ஆற்றுக்குப் போனார்கள். நீ பஸ் ஏறியிருக்கிறாய். காணாமல் திரும்பி வந்து எனக்கு இரண்டாவது அறை. இடது காது இன்னும் இரைகிறது. அந்தக் காதோடு நான் கசார்வாடிக்கு வந்து பூட்டைத் திறந்தால் உன் பாய் இல்லை.

சிரித்தேன். ஆமாம். அவன் சொன்னது புரிந்தும்தான் சிரித்தேன். அந்தக் கூட்டத்தில் சிரிக்காமல் ஒருவன் இருந்தால் அவனைத்தான் முதலில் பார்ப்பார்கள். என்னைப் பார்த்தால் அடுத்து உன்னைப் பார்ப்பார்கள். அப்படி நினைத்துத்தான் சிரித்தேனா, இல்லை சும்மா வாய் போய்விட்டதா என்று நீ கேட்பாய். உட்கார்ந்து யோசிக்க எனக்கு அங்கே யாரும் நேரம் கொடுக்கவில்லை.

இப்போது நான் கேட்கிறேன், நீ பதில் சொல்.

கேவலமாகப் பேசினது தானாஜி. பெயரை மாற்றினது நான். அதற்குத் தூண்டினது சாந்தாராம். மூன்று பேரும் அங்கேதான் உட்கார்ந்திருந்தோம். உன் பெயரை எங்கள் மூன்று பேரில் ஒருவன் முகத்தில் எறிந்திருக்கலாம். ‘ஆயி’ என்று அந்த அம்மாவை ஏன் கூப்பிட்டாய்? அந்த வீட்டில் உனக்கென்று தனியாகக் கிண்டிக் கொடுத்தவர் அவர் ஒருவர்தான்.

நீ போன பிறகும் அந்த பாக்ரி அவர் கையிலேயே இருந்தது. தம்பிக்காரன் அதைத் தட்டிவிட்டான். ‘இவனுக்குத்தான் ஊட்டி ஊட்டி வெச்சியா?’ என்று கத்தினான். அடுப்படியில் இருந்த சட்டி, தட்டு, செம்பு ஒன்று விடாமல் முற்றத்தில் எறிந்து கழுவச் சொன்னான். புருஷன் எழுந்து கொல்லைக்குப் போய்விட்டார். தெருவே வேலி ஓரமாக நின்று பார்த்தது. அந்த அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உட்கார்ந்து எல்லாவற்றையும் சாம்பல் போட்டுக் கழுவினார். எங்களை ஏறெடுத்துப் பார்க்கவில்லை. கழுவின பாத்திரத்தை மறுபடியும் எடுத்துக் கழுவினார்.

நீ உன் பெயரை எடுத்துக்கொண்டு போய்விட்டாய். பாத்திரம் கழுவினது அவர்.

சபரி


தளேகாவ்
22.12.1993

சபரிக்கு,

ஒரு சிரிப்புக்கு இரண்டு அறை. உன் கணக்கில் எனக்கு இன்னும் ஒரு சிரிப்பு பாக்கி வைத்திருக்கிறாயா?

அடி வாங்கியதற்கு நான் சந்தோஷப்படவில்லை. உன் காதுக்கு டாக்டரிடம் போ. ஆனால் அடி வாங்கினதால் நீ சிரித்தது சிரிக்காததாக ஆகிவிடாது. தானாஜி உன்னை அடித்தது நீ என் சிநேகிதன் என்பதற்காக இல்லை. அவனை நீ ஏமாற்றிவிட்டாய் என்பதற்காக. என்னையும் நீ அதே பெயரால்தான் ஏமாற்றினாய். நாங்கள் இரண்டு பேரும் ஒரே விஷயத்துக்கு உன்மேல் கோபமாக இருக்கிறோம், பார்.

உன் கடிதத்தை வீட்டுக்கார ஜோசபின் அக்கா வாசலில் கொடுத்தார். நின்றபடியே படித்தேன். ‘ஏன் தம்பி, ஊர்ல யாருக்காச்சும் ஏதாச்சுமா?’ என்றார். ஒன்றுமில்லை என்றேன். அன்று சாப்பிட முடியவில்லை.

நீ வாங்கின அறையை நினைத்து அல்ல. பாத்திரத்தை நினைத்து.

இதை ஏன் முதல் கடிதத்தில் எழுதவில்லை? உன் வாதத்துக்கு அது தேவைப்படும் வரைக்கும் கையில் வைத்திருந்தாயா?

லீவு கிடைக்கிற ஞாயிற்றுக்கிழமை நான் போர் போகிறேன். உன்னிடம் யோசனை கேட்கவில்லை. தெரிவிக்கிறேன்.

ரஃபீக்


கசார்வாடி
28.12.1993

ரஃபீக்,

உனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. போகாதே.

போய் என்ன சொல்லப் போகிறாய்? நீ அங்கே போய் நின்றாலே அந்த அம்மாவுக்கு மறுபடியும் பாத்திரம் கழுவுகிற வேலைதான். உன் மனசு ஆற வேண்டும் என்பதற்காக அவரை இழுக்காதே. உனக்கு ஏதாவது ஆனால் மேலப்பாளையத்தில் உங்கள் உம்மா முகத்தில் என்னால் முழிக்க முடியாது.

நான் வர மாட்டேன். என்னை எதிர்பார்த்து ஸ்வார்கேட்டில் நிற்காதே.

சாந்தாராம் என்னோடு பேசுவதில்லை. லேத்தை மாற்றிக்கொண்டு அந்தக் கோடிக்குப் போய்விட்டான். ஆனால் நேற்று டீக்கடையில் அவன் பக்கத்தில் போய் நின்று கேட்டேன். தானாஜி ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குத்தான் வருவானாம். அப்பா காலையில் வயலுக்குப் போனால் வெயில் ஏறித்தான் திரும்புவாராம். ‘ஏன் கேக்கறே?’ என்றான். சும்மா என்றேன்.

போகாதே. போவதென்றால் காலையில் போய்விடு.

சபரி


தளேகாவ்
3.1.1994

சபரிக்கு,

போனேன். நேற்று. முதல் பஸ்ஸில் ஏறினேன்.

ஊர் அப்படியேதான் இருக்கிறது. அன்றைக்கு எவ்வளவு அழகாகத் தெரிந்ததோ அவ்வளவு அழகு. ஆற்றில் பிள்ளைகள் குதித்துக்கொண்டிருந்தார்கள். அந்தத் தெருவுக்குள் திரும்பாமல் இரண்டு முறை தாண்டிப் போய்விட்டு வந்தேன். வீரனாகப் போனேன் என்று நினைக்காதே.

ஆயி முற்றத்தில் உட்கார்ந்து சோளம் புடைத்துக்கொண்டிருந்தார். நிழல் விழுந்ததும் நிமிர்ந்தார். ‘ரவி’ என்று வாயில் வந்துவிட்டது. வந்ததும் சுளகைக் கீழே வைத்துவிட்டு எழுந்து தெருவைப் பார்த்தார். இந்தப் பக்கம், அந்தப் பக்கம். யாரும் இல்லை.

பஸ் முழுவதும் இந்தியில் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டு போயிருந்தேன். அன்றைக்கு நான் சொன்னது உங்கள் தம்பிக்கு. உங்கள்மேல் விழுந்துவிட்டது. உங்களை நோகடிக்க நான் சொல்லவில்லை. இவ்வளவுதான். பாதியில் இந்தி நின்றுபோய்த் தமிழ் வந்தது. அவருக்கு எவ்வளவு புரிந்ததோ தெரியாது. உட்காரச் சொல்லவில்லை. தண்ணீர் கொடுக்கவில்லை. நானும் படியேறவில்லை.

சுளகை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, ‘உன் அம்மாவுக்கு முட்டுவலின்னு சொன்னியே. அது நிஜமா?’ என்றார்.

‘நிஜம்.’

‘ரெண்டு தங்கச்சி?’

‘நிஜம்.’

‘அப்பா இல்லேன்னது?’

‘அதுவும் நிஜம்.’

தலையை ஆட்டினார். ஒவ்வொன்றையும் எடுத்து எடுத்துத் தனியாக வைக்கிற மாதிரி இருந்தது. அவர் கண்ணில் கோபம் இருந்ததா என்று கேட்டால் இருந்தது. என்மேல்தானா என்று எனக்குத் தெரியவில்லை. வேலி ஓரம் ஒரு சைக்கிள் மணி கேட்டது. அவர் முகம் மாறிவிட்டது.

‘ரஃபீக்,’ என்றார். சரியாகச் சொன்னார், நிறுத்தி. ‘ரஃபீக், ஆதா ஜா. பரத் யேவூ நகோ.’ இப்போது போ, இனி வராதே என்று அர்த்தம். உனக்குத்தான் மராத்தி நன்றாகப் புரியுமே.

போய்விட்டேன். விரட்டித்தான் விட்டார் சபரி. அதில் சந்தேகம் இல்லை. ஆனால் என் பெயரைச் சொல்லி விரட்டினார். அந்த வீட்டில் இரண்டு நாள் தின்ற சோறு ஒன்றும் எனக்குள் இறங்கவில்லை. நேற்று அந்த முற்றத்தில் நின்ற கொஞ்ச நேரம் இறங்கியது.

உன்மேல் கோபம் தணிந்துவிட்டதா என்று கேட்காதே. தணியவில்லை. பஸ்ஸில் திரும்பும்போது ஒன்றை மட்டும் நினைத்துப் பார்த்தேன். அன்று அந்த வாசலில் நீ என் பெயரைச் சொல்லியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? சாந்தாராமின் அப்பா முகம் சுருங்கியிருக்கும். ஏதோ சாக்குச் சொல்லி வாசலோடு அனுப்பியிருப்பார்கள். யாரும் யாரையும் அடித்திருக்க மாட்டார்கள். யாரும் பாத்திரம் கழுவியிருக்க மாட்டார்கள். பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பியிருப்போம்.

திரும்பியிருப்போம் என்று எழுதிவிட்டேன். நான் திரும்பியிருப்பேன். நீ என்னோடு வந்திருப்பாயா?

ரஃபீக்


கசார்வாடி
10.1.1994

ரஃபீக்,

முதலில் ‘வந்திருப்பேன்’ என்றுதான் எழுதினேன். அந்தத் தாளைக் கிழித்துவிட்டேன்.

வந்திருக்க மாட்டேன். ‘நீ கிளம்புல, நான் நாளைக்கு வந்துருதேன், அவ்வோ கூப்பிட்டுட்டாவளே’ என்று சொல்லி உன்னைப் பஸ் ஏற்றிவிட்டு, நான் திரும்பிப் போய் அந்த ஆட்டுக்கறியைத் தின்றிருப்பேன். உனக்கு இது தெரியும். தெரிந்துகொண்டுதான் கேட்டாய்.

அப்போதும் உனக்குக் கோபம் வந்திருக்கும். ஆனால் உன் பெயர் உன்னிடம் இருந்திருக்கும். அது எனக்கு இப்போதுதான் உறைக்கிறது.

இனிமேல் அப்படி ஒரு வாசல் வந்தால் என்ன செய்வேன் என்று கேட்பாய். தெரியாது. அது நடந்தால்தான் தெரியும். எழுதினால் தெரியாது.

சபரி